பைன் மரச்சாமானில் திட்டு விழாமல் கருநிறம் ஏற்றுவது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்கு அலமாரிக்கு விலை கேட்டுவிட்டு, பேசாமல் திரும்பி வந்து பைன் அலமாரி வாங்குகிறவர்கள் இப்போது நிறைய. தப்பே இல்லை. பைன் கனமில்லாத மரம், இழைக்க எளிது, விலையும் கட்டுப்படியாகும். அதைக் கொண்டுபோய் செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், பர்மா தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தும்போதுதான் சங்கடம். வெளிறிய மஞ்சளில் அது மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். உடனே ஹார்டுவேர் கடைக்கு ஓடி ‘டார்க் வால்நட்’ ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் திரவம்) ஒரு டப்பா வாங்கி, பிரஷை முக்கி அடித்துவிடுகிறார்கள். காய்ந்த பிறகு பார்த்தால் ஓரிடம் கறுப்பு, ஓரிடம் வெளுப்பு, கணுவைச் சுற்றி மேகம் மேகமாகத் திட்டு.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்ப் பயனில்லை. எந்தக் கம்பெனி ஸ்டெயினாக இருந்தாலும் வெறும் பைன் மேல் இதைத்தான் செய்யும். ஒரு பைன் பலகையைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். அகலமான வெளிர் பட்டை, அதை ஒட்டி மெல்லிய பழுப்புக் கோடு, மறுபடி வெளிர் பட்டை என்று மாறி மாறி ஓடும். வளரும் பருவத்தின் தொடக்கத்தில் வேகமாக வளர்ந்த பகுதி வெளிர் பட்டை; மெத்தென்று இருக்கும், நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். பருவத்தின் கடைசியில் மெதுவாக வளர்ந்தது பழுப்புக் கோடு. கெட்டியானது, பிசின் அதிகம். ஸ்டெயினை மெத்தென்ற பகுதி குடம் குடமாகக் குடிக்கும், கெட்டிப் பகுதி தொடாது. விளைவு, வெளிர் பட்டை கறுத்து, பழுப்புக் கோடு வெளுத்து, மரமே புகைப்பட நெகட்டிவ் மாதிரி தலைகீழாகிவிடும்.

ஆகவே நம் வேலை இரண்டு. முதலில் மரத்தின் தாகத்தை அடக்க வேண்டும். பிறகு நிறத்தை ஒரே அடியில் மரத்துக்குள் திணிக்காமல், கொஞ்சம் மரத்திலும் மிச்சத்தை மேலே வரும் மெல்லிய படலங்களிலும் ஏற்ற வேண்டும். கீழே வரும் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடக்கம்.

மரம் எங்கிருந்து வந்தது?

கடையில் வாங்கிய புது பைன் என்றால் கவலை குறைவு. துறைமுகம் வழியாக இறங்கும் பேக்கிங் பெட்டி, பேலட் பலகையைப் பிரித்துச் செய்த சாமான் என்றால் முத்திரையைத் தேடுங்கள். கோதுமைக் கதிர் படத்துக்குப் பக்கத்தில் ‘எச்.டி.’ என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, வீட்டுக்குள் வைக்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு காட்டியது. அதை விறகுக்கும் வேண்டாம், அலமாரிக்கும் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

எச்.டி. பலகையிலும் ஒரு விஷயம் உண்டு. அந்த முத்திரைக்கான விதிப்படி மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்தால் போதும். பூச்சி சாக அது போதும். பிசின் இறுக அது போதாது. பிசின் இறுக 70 டிகிரிக்கு மேல் சூளையில் காய வேண்டும். இறுகாத பிசின் சித்திரை வெயிலில் இளகி, நீங்கள் போட்ட பாலிஷைத் தள்ளிக்கொண்டு முத்து முத்தாக வெளியே வரும். எனவே பிசின் வடியும் கணுக்களை முதலிலேயே கண்டுபிடித்து, கத்தி முனையால் சுரண்டி, டர்பன்டைன் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்துவிடுங்கள்.

அடுத்து, ஒரு துண்டுப் பலகை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் பாதிப் பேர் கேட்பதில்லை. சாமான் செய்த அதே மரத்தில் ஒரு முழ நீளத் துண்டு எடுத்து வையுங்கள். கிடைக்காவிட்டால் அலமாரியின் பின்பக்கம், கட்டிலின் அடிப்பக்கம். இனி நீங்கள் செய்யும் ஒவ்வொரு படியையும், உப்புத்தாள் முதல் கடைசி வார்னிஷ் வரை, முதலில் அதில் செய்யுங்கள். வெறும் ஸ்டெயினை மட்டும் தேய்த்துப் பார்த்துவிட்டு ‘சரியாத்தான் இருக்கு’ என்று முடிவுகட்டாதீர்கள். மேலே வார்னிஷ் ஏறியதும் நிறம் ஒரு படி கறுக்கும்.

உப்புத்தாள்

80 நம்பரில் தொடங்கி 120, பிறகு 150 அல்லது 180. அங்கே நிறுத்துங்கள். நன்றாக வழவழப்பாக்குகிறேன் என்று 320 வரை போனால் மரத்தின் துவாரங்கள் அடைபட்டு ஸ்டெயினே பிடிக்காது. எப்போதும் ரேகை ஓடும் திசையில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தாலும் அது இப்போது கண்ணுக்குத் தெரியாது. ஸ்டெயின் பட்டதும் கறுப்புக் கோடாக எழுந்து நிற்கும். கையில் தாளை மடித்துத் தேய்த்தால் மெத்தென்ற பட்டை மட்டும் தேய்ந்து பலகை அலை அலையாகிவிடும். தட்டையான ஒரு மரக்கட்டையில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

பலகையின் வெட்டுமுகம் விதிவிலக்கு. மேசைப் பலகையின் இரு முனைகளும் ஸ்டெயினை உறிஞ்சிக் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். அங்கே மட்டும் 240, 320 வரை நன்றாகத் தேய்த்துத் துவாரத்தை அடைப்பது நல்லது.

தேய்த்து முடித்ததும் ஈரத் துணியால் ஒருமுறை முழுக்கத் துடைத்துக் காய விடுங்கள். நார் எழுந்து சொரசொரப்பாகும். அதைப் பழைய 180 தாளால் லேசாகத் தடவி எடுங்கள். அந்த ஈரம் இன்னொரு உதவியும் செய்யும். ஃபெவிகால் வழிந்து காய்ந்த இடம் தண்ணீர் பட்டதும் நனையாமல் வெளுப்பாக நிற்கும். மூலைகளிலும் இணைப்புகளிலும் இது கட்டாயம் இருக்கும். பென்சிலால் வட்டம் போட்டு வைத்து, காய்ந்ததும் சுரண்டித் தேய்த்து எடுங்கள். பசை இருக்கும் இடத்தில் எந்த ஸ்டெயினும் ஏறாது.

ஆணி ஓட்டைக்கு இப்போது பட்டி அடைக்காதீர்கள். மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கும் ஆசாரிகள் உண்டு; தேக்கில் அது மறைந்துவிடும், பைனில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். நிறம் ஏறி, அதைப் பூட்டும் முதல் கோட் முடிந்த பிறகு, அந்த நிறத்துக்கே கலந்த பட்டியை அடைப்பதுதான் சரி.

தாகத்தை அடக்கும் கோட்

இதற்கு என் தேர்வு செல்லாக், அதாவது அரக்கு. பிரெஞ்சு பாலிஷுக்குப் போடும் அதே செதில்தான். ‘அண்ணே, மெழுகு எடுத்த செல்லாக் இருக்கா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால் சாதாரணச் செதிலே போதும்.

1 லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டுக்கு 60 கிராம் செதில். ஒரு சின்ன அலமாரிக்கு 250 மில்லிக்கு 15 கிராம் கரைத்தாலே ஏராளம். கண்ணாடி பாட்டிலில் போட்டு, அவ்வப்போது குலுக்கி, இரவு முழுக்க விடுங்கள். இரும்பு டப்பா கூடாது, செல்லாக் கறுத்துவிடும். மறுநாள் பாட்டிலை அசைக்காமல் வைத்தால் மெழுகு அடியில் மங்கலாகப் படியும், மேலே தெளிந்து நிற்கும். தெளிவை மட்டும் மெல்லச் சாய்த்து, துணியில் வடிகட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகு கலந்த செல்லாக்கின் மேல் பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ் ஒட்டாமல் உரியும் என்பதால்தான் இந்தப் பாடு. ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள்.

கலவை தண்ணீர் மாதிரி இருக்கும். ‘இதுவா வேலை செய்யப்போகிறது’ என்று தோன்றும். அகலப் பிரஷால் ரேகை வாக்கில் ஒரே ஒரு கோட், அடித்த இடத்துக்குத் திரும்பிப் போகாமல் வேகமாக அடியுங்கள். மெத்தென்ற பகுதி அதிகம் குடிக்கும், அடைபடும். கெட்டிப் பகுதி மேலோடு நிற்கும். இப்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே தாகத்துக்கு வந்துவிடும். கணுக்களின் மேல் மட்டும் இரண்டு மடங்கு கெட்டியாகக் கலந்து, சின்னப் பிரஷால் இருமுறை தொட்டு வையுங்கள். பிசின் கசிவுக்கு அதுவே மூடி. ஒரு மணி, இரண்டு மணி நேரம் காய்ந்ததும் 320 தாளால் தடவுவது போலத் தேய்த்து, தூசியைத் துடையுங்கள்.

செல்லாக் வேண்டாம் என்பவர்கள் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சேண்டிங் சீலரை அதன் தின்னரில் நன்றாக நீர்க்க விட்டு இதே வேலைக்குப் பயன்படுத்தலாம். வாசனை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

நிறம்

முதலில் எந்த நிறம் வேண்டும் என்று தீர்மானியுங்கள். பழைய பர்மா தேக்கு கறுப்பு இல்லை. பகல் வெளிச்சத்தில் தூணை உற்றுப் பாருங்கள். அடியில் செம்பொன், மேலே பழைய பாலிஷும் விளக்குப் புகையும் கை எண்ணெயும் ஏறிய பழுப்பு. ‘தேக்கு’ என்று எழுதிய டப்பாவை வாங்கிப் பைனில் அடித்தால் அது வராது, ஆரஞ்சுதான் வரும். பைனின் சொந்த மஞ்சள் அடியில் இருந்து எட்டிப் பார்ப்பதே காரணம். மஞ்சளை அமுக்க வால்நட் வேண்டும். வால்நட் முக்கால் பங்கு, மஹாகனி கால் பங்கு என்று தொடங்கி, துண்டுப் பலகையில் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். எந்த விகிதத்தில் நின்றீர்களோ அதை எழுதி வையுங்கள். மொத்த வேலைக்கும் தேவையானதை ஒரே பாத்திரத்தில் கலந்துவிடுங்கள்; பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அந்த நிறம் வரவே வராது.

புதியவர்களுக்கு எண்ணெய் அடிப்படை ஸ்டெயின்தான் தோது. மெதுவாகக் காயும், திருத்த நேரம் கிடைக்கும். தண்ணீர் அடிப்படையும் என்.சி. வகையும் நம்மூர் வெயிலில் கையை எடுப்பதற்குள் காய்ந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இடமெல்லாம் கோடு விழும். ஜெல் ஸ்டெயின் ஆன்லைனில் கிடைத்தால் அதைவிட நல்லது. கெட்டியாக இருப்பதால் உள்ளே ஓடாமல் மேலேயே நிற்கும்.

பனியன் வேஸ்ட் துணி ஒன்றை உருண்டையாக மடித்து ஸ்டெயினில் தோய்த்து, தாராளமாக, ஒரு பக்கம் முழுக்கத் தேய்த்துவிடுங்கள். ஒரு பக்கம் என்பது முக்கியம்: கதவு என்றால் கதவு முழுக்க, பிறகுதான் சட்டம். பாதிக் கதவில் போன் வந்தாலும் எடுக்கக் கூடாது. மூன்று நான்கு நிமிடம் விட்டு, காய்ந்த துணியால் ரேகை வாக்கில் துடைத்து எடுங்கள். துணியில் நிறம் வராத வரை துடையுங்கள். துடைக்காமல் விட்டால் இன்னும் கறுக்குமே என்று ஆசை வரும். மேலே தங்கிய ஸ்டெயின் பிசுபிசுவென்று நாள் கணக்கில் காயாமல், வார்னிஷையும் ஒட்டவிடாது.

துடைத்த பின் நிறம் நீங்கள் நினைத்ததைவிட வெளிறித்தான் இருக்கும். செல்லாக் அடைத்திருப்பதால் அப்படி. பதற வேண்டாம். 24 மணி நேரம் காய விட்டு இன்னொரு முறை அதையே செய்யுங்கள். இரண்டாவது முறை கொஞ்சம் கறுக்கும். மூன்றாவது முறையில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. அதற்குமேல் கருமை வேண்டுமென்றால் அதை மரத்தில் தேடக் கூடாது, படலத்தில் ஏற்ற வேண்டும். நீர்க்க விட்ட செல்லாக் ஒரு கோட் அடித்துப் பூட்டிவிட்டு, எண்ணெய் அடிப்படை வார்னிஷ் நான்கு பங்கில் அதே எண்ணெய் ஸ்டெயின் ஒரு பங்கு கலந்து, மெல்லியதாக ஒரு கோட் கொடுங்கள். எங்கே வெளுப்பாக இருக்கிறதோ அங்கே ஒரு இழுப்பு கூடுதல். பழைய சாமான்களைப் புதுப்பிக்கும் கைதேர்ந்த பாலிஷ் மேஸ்திரிகள் நிறத்தைச் சமன் செய்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

கடுக்காய் வழி

கடையில் வாங்கிய ஸ்டெயின் இல்லாமலே பைனைக் கறுப்பாக்க ஒரு வழி உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சில் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்தது பலருக்குத் தெரிந்திருக்கும். அதே கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். அந்தக் காலத்து எழுதும் மை அப்படித்தான். தேக்கு, வேங்கையில் துவர்ப்பு இயல்பாகவே ஓரளவு உண்டு. பைனில் அது சொற்பம், ஆகவே நாம் வெளியிலிருந்து ஊட்ட வேண்டும்.

நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை இடித்து, 1 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் போட்டு அரை மணி கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். இரும்புச் சட்டி கூடாது. இன்னொரு பக்கம், துருப்பிடித்த இரும்பு ஆணி ஒரு கைப்பிடி எடுத்து வினிகரில் மூழ்க வைத்து மூன்று நாள் விடுங்கள். மூடியை இறுக்கிவிடாதீர்கள், வாயு உண்டாகும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் கம்பியை இதற்குப் போடுகிறார்கள். அது துருப்பிடிக்காத ஜாதி, வேலைக்கு ஆகாது.

இந்த வழிக்குச் செல்லாக் முதல் கோட் கிடையாது. வெறும் மரத்தில் கடுக்காய்த் தண்ணீரை இரண்டு முறை பூசிக் காய விடுங்கள். பிறகு வடிகட்டிய ஆணித் தண்ணீரை அடியுங்கள். முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பார்த்துக்கொண்டே இருங்கள், நிமிடங்களில் சாம்பல் நிறம் பரவி, ஊதா கலந்த கறுப்பாக இறங்கும். ஒருநாள் காய்ந்ததும் ஈரத் துணியால் துடைத்து, மறுபடி காய வைத்து, ஆரஞ்சு செல்லாக் இரண்டு கோட் ஏற்றினால் அந்தச் சாம்பல் தன்மை போய்க் கரும்பழுப்பு வரும். சாயம் போல இது உறிஞ்சலை மட்டும் நம்பியிருக்காததால் திட்டு குறைவு. ஆனால் நிறத்தை நம் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. தேக்கைவிடக் கருங்காலிப் பக்கம்தான் சாயும். ஒரு முக்காலி, படச் சட்டம் என்றால் எனக்கு இதுதான் பிடிக்கும். பெரிய அலமாரிக்குச் சொல்ல மாட்டேன்.

மேல் பூச்சு

பிரெஞ்சு பாலிஷ் அழகுதான், ஆனால் சூடான காபி டம்ளர் ஒன்று வைத்தால் வெள்ளை வட்டம் விழும். மெலமைனும் இரண்டு டப்பா கலக்கும் பி.யு.வும் உறுதியானவை, ஸ்ப்ரே கன்னும் சரியான முகமூடியும் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் பிரஷால் செய்ய ஒற்றை டப்பா பி.யு. வார்னிஷ் போதும். முதல் கோட்டில் பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் சேர்த்து நீர்க்க விட்டு, அடுத்த இரண்டு கோட்டை அப்படியே அடியுங்கள். கோட்டுக்குக் கோட் ஒரு இரவு காயட்டும், பிறகு 320 தாளால் லேசாகத் தடவுங்கள். விளிம்பில் தாள் அழுந்தினால் நிறம் உரிந்து மஞ்சள் பல்லிளிக்கும், கவனம். பளபளப்பு வேண்டாம், மேட் எடுங்கள். கிளாஸி போட்டால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு திட்டையும் வெளிச்சம் போட்டுக் காட்டும்.

காலம் பார்த்துச் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் செல்லாக்கும் என்.சி.யும் ஈரத்தை இழுத்துப் பால் பூத்தாற்போல வெளுக்கும். ஆடிக் காற்றில் செம்மண் தூசி ஈர வார்னிஷில் வந்து உட்காரும். பங்குனி, சித்திரை மதியத்தில் ஸ்பிரிட் பிரஷிலேயே காயும். தை, மாசிக் காலை நேரத்துக்கு ஈடில்லை. மற்ற மாதங்களில் செய்தே ஆகவேண்டும் என்றால் முற்றத்து வெயிலில் வேண்டாம், இரண்டாங்கட்டு நிழலில் வைத்துக்கொள்ளுங்கள்.

தரை ஆத்தங்குடிக் கல் என்றால் இன்னும் ஒரு எச்சரிக்கை. அது சிமென்ட் கல், சொட்டு விழுந்தால் குடித்துவிடும். ஸ்டெயின் கறை அதில் ஏறினால் எந்தத் தின்னரும் எடுக்காது. தின்னர் கல்லின் மெருகையும் சேர்த்துக் கொண்டுபோகும். தார்ப்பாய் விரித்து, அதன்மேல் பழைய அட்டைப் பெட்டிகளைப் பரப்பி, சாமானைச் செங்கல் மேல் தூக்கி வைத்து வேலை செய்யுங்கள். செய்தித்தாள் ஒரு அடுக்கு என்பது காவலே இல்லை.

எண்ணெய் ஸ்டெயின், வார்னிஷ் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் எறியக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் போன்றவை காயும்போது தானாகவே சூடாகும். குவியலாகக் கிடந்தால் தீப்பெட்டி இல்லாமலே பற்றிக்கொள்ளும். கொடியில் தனித்தனியாக விரித்துப் போட்டு விறைத்த பிறகு குப்பைக்கு அனுப்புங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

கடைசி கோட் முடிந்து ஒரு வாரமாவது சாமான் மேல் எதையும் வைக்க வேண்டாம். கையில் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே பதமாகத்தான் இருக்கும். வீடு கழுவும்போது தண்ணீர் நிற்கும் என்பதால் கால்களின் அடிமுனைக்கும் மறக்காமல் வார்னிஷ் கொடுத்து, ரப்பர் புஷ் மாட்டுங்கள். கரையானுக்கும் பைன் என்றால் கொள்ளை ஆசை. பைன் மெத்தென்ற மரம், சீக்கிரமே எங்காவது கீறல் விழும். மிச்ச ஸ்டெயினைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, கலந்த விகிதத்தை எழுதி ஒட்டி, அலமாரியின் அடித்தட்டிலேயே வைத்துவிட்டால், காது குடையும் பஞ்சுக் குச்சியால் தொட்டு அந்தக் கீறலை மறைத்துவிடலாம்.